கார்டு இல்லாமல் திறந்த எஞ்சின்

மச்சான் உண்டானால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். நான் தண்ணீரில் பிழைக்கிறவன். எனக்கும் அது பொருந்தும் என்று நம்பினேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது என் முட்டாள்தனம்.

படகில் அக்கரைக்கு ஆள் ஏற்றுவது என் தொழில். நர்சுகள், டீச்சர்கள், தபால்காரர் என்று காலையில் பன்னிரண்டு பேர் என்னை நம்பிப் படித்துறையில் நிற்பார்கள். புது எஞ்சின் வாங்கச் சொன்னது என் மனைவியின் தம்பி. அதை விற்கிற ஷோரூமில் அவன் மெக்கானிக். ரெண்டு வருஷம் வாரண்டி மாமா, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றான். அப்படியே வாங்கினேன்.

மூன்றாம் மாதமே நடு ஆற்றில் எஞ்சின் கொதித்து நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். இதுவா புது எஞ்சின் என்று தலைமை நர்ஸ் கேட்டுவிட்டுப் போனார். ஷோரூமில் தண்ணீர் பம்பை மாற்றினார்கள், பார்த்த வேலையை எழுதி ஜாப் கார்டு போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சரி, புதுசு என்றால் ஒரு கோளாறு இருக்கத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் மறுபடி அதே கொதிப்பு. ஞாயிற்றுக்கிழமை, ஷோரூம் பூட்டு. போன் போட்டதும் மச்சினன் பைக்கில் பறந்து வந்தான். எஞ்சினை எங்கள் வீட்டு முன்னறையில் பழைய போர்வை மேல் கிடத்தி, தலைப்பகுதியைத் திறக்கப் போனான். அந்தப் போல்ட்டுகள் மேல் கம்பெனிக்காரன் மஞ்சள் பெயிண்டால் கோடு இழுத்திருப்பான். போல்ட்டைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். இதற்குக் கார்டு போட வேண்டாமா என்று கேட்டேன்.

"நமக்குள்ள எதுக்கு மாமா கார்டு?" என்றான்.

அந்நியனாக இருந்திருந்தால் கையெழுத்து வாங்காமல் வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். மச்சினனிடம் கையெழுத்துக் கேட்டுவிட்டு அவன் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? திறந்து சரிபண்ணி ஓட விட்டவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

எட்டாம் மாதம் எஞ்சின் இறுகிப்போய்விட்டது. கயிற்றை இழுத்தால் அசைவே இல்லை. என் ஆட்கள் ஒவ்வொருவராக வேறு படகில் ஏறினார்கள். தொடர்ந்து பதினைந்து நாள் ஓடாத படகுக்குப் படித்துறையில் இடம் கிடையாது, அது எங்கள் துறையின் சட்டம். வா வா என்று கெஞ்சியதில், படகு நின்ற பன்னிரண்டாம் நாள் கம்பெனி இன்ஸ்பெக்டர் ஷோரூமுக்கு வருவதாக முடிவானது. மனைவியிடம் சொன்னேன்: கோடு உடைந்திருப்பதைக் கேட்பார்கள், திறந்தது நான்தான் என்று உன் தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அவர்கள் ஆள்தானே, புது எஞ்சின் கொடுத்தே ஆகவேண்டும். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஷோரூமில் இன்ஸ்பெக்டர் உடைந்த மஞ்சள் கோட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியாள் திறந்திருக்கிறான், வாரண்டி செல்லாது என்றார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வெளியாள் இல்லை சார், உங்கள் மெக்கானிக்தான் என்று கை காட்டினேன். மச்சினன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். கையில் கறை ஒன்றும் இல்லை.

"நீ தொறந்தியா?"

"இல்ல சார். கஸ்டமரே தொறந்திருப்பாரு."

கஸ்டமர்! என் வீட்டில் கை நனைத்தவனுக்கு நான் கஸ்டமர். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை என் கதையாகிவிட்டது. அங்கேயே கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அவன் அக்காவை நினைத்துக் கையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் உன் தம்பி என்று கத்தினேன். அவனை இனி இந்த வாசலில் ஏற்றக் கூடாது என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து அவனை நாலு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

கார்டு இல்லாமல் வெளியே வேலை பார்த்தது தெரிந்தால் அன்றைக்கே அவன் சீட்டு கிழிந்துவிடுமாம். அந்த வேலையைச் சொல்லித்தான் அவனுக்குப் பெண் பேசியிருக்கிறார்களாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, மாமா பாவம் என்று அவன் போனில் அழுதானாம். இவள்தான் தன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு வாயை அடைத்திருக்கிறாள்.

படித்துறையில் என் இடம் போய்விடும் என்று உனக்குத் தெரியாதா என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும். உங்களுக்கு என்ன ஆனாலும் நான் இருக்கேன். அம்மா அப்பா இல்லாத புள்ள, அவனுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

எனக்கு இவள் இருக்கிறாள் என்று அன்று காலை வரை நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.