தண்ணீர் ஏறும் சுரங்கம்

…வெற்றிலையை மென்றுகொண்டே பேசுகிறவனை எப்படித்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, கடைவாயில் சிவப்பாய் ஒழுகுகிறது, துடைக்கிறானா, இல்லை, நாக்கை நீட்டி நக்கிக்கொள்கிறான், சீ… சவுரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் சுள்ளியைத் திணித்தாள். தோல் கிடங்கிலிருந்து வந்தவள் இன்னும் கால்கூடக் கழுவவில்லை. சுண்ணாம்பில் ஊறின ஆட்டுத்தோலில் நாளெல்லாம் மயிர் பிடுங்கின விரல்கள், நகக்கண் வெந்து கிடக்கிறது, அந்த விரலால்தான் சோறு வடிக்க வேண்டும், அந்த விரலால்தான் பிசைந்து தின்ன வேண்டும், ஆம்பூரில் யார்மேல்தான் இந்த நாற்றம் இல்லை, பாலாற்றில் ஊற்றுத் தோண்டினால்கூட அதுதான் சுரக்கிறது, இது போதாதென்று இவன் வேறு, பஞ்சாட்சரம் மேஸ்திரி, கோலார்ச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கிறவன். கலியாணமான புதிதில் இதே மாதிரி வந்து உட்கார்ந்துதானே தேவசகாயத்தைக் கூட்டிக்கொண்டு போனான், தங்கம் வெட்டுகிற ஊரும்மா, உன் புருஷன் ராஜாவாட்டம் திரும்பி வருவான் என்று சொல்லி… வந்துவிட்டான் ராஜா. அதோ மூலையில் சாக்கின்மேல் சுருண்டு உட்கார்ந்திருக்கிறான், விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாய்த் தெரிகிறது, இருமுகிறான், இருமி முடித்து வாயில் வந்ததைச் சட்டியில் துப்புகிறான், சாம்பல் நிறம், கல்தூசு இன்னும் உள்ளே இருக்கிறது, வெடி வைத்த பாறையெல்லாம் இவன் நெஞ்சுக்குள்தான் போய்க் குந்திக்கொண்டதோ? அந்தச் சட்டியை விடிந்தால் அவள்தான் கழுவ வேண்டும். கழுவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், கிடங்கில் செத்த தோலுக்குப் பிடிக்காத மூச்சு, கட்டின புருஷனுக்குப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் அற்றுப்போயிற்றாம், இன்னும் ஆழம் போனால் கட்டுப்படியாகாதாம், துரைமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார்கள், பக்கத்துச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாய் உயிரை விடுகின்றன என்று ஊருக்குத் திரும்பினவர்கள் சொல்கிறார்கள். கூலியாட்களின் மூங்கில் தட்டி வீடுகளைப் பிரித்துப்போட்டுவிட்டு ஆண்களைப் போங்கள் என்றார்கள், ரயிலேறி வந்துவிட்டார்கள், மாட்டைக் கொட்டிலிலிருந்து ஓட்டுகிற மாதிரி. இருந்தும் தேவசகாயத்துக்கு அதன்மேல் என்ன மோகம்! வருகிறவன் போகிறவனிடமெல்லாம், எங்க சுரங்கம், ஆள எறக்குற எங்க கூண்டு, எங்க துரை… எங்க, எங்க! உமிழ்ந்துவிட்டது உன்னை, உமிழ்ந்ததைப் போய் யாராவது எங்களுது என்பார்களா? மேஸ்திரி தொண்டையைக் கனைத்தான். "அத்த விடு தேவசகாயம். உள்ள தண்ணி ஏறினுகீது. பம்பு நிறுத்தறதுக்கு முன்னாடி தண்டவாளம், கொழாய், அல்லாத்தையும் மேல எடுத்துடணும்னு கம்பெனி சொல்லுது. ஒனக்கு உள்ள வழி தெரியும். கொஞ்ச நாள் வேல, அவ்ளோதான்." தண்டவாளமாம். மனிதர்களை உள்ளே விட்டுவிட்டு வந்தார்களே, அப்போது எந்தக் கம்பெனி வந்து எடுங்கள் என்றது? கிடங்கில் பக்கத்தில் உட்கார்ந்து மயிர் பிடுங்கும் செண்பகத்தின் அண்ணன் முதல் கூட்டத்தோடு இதே வேலைக்குத்தான் போனான், அடி மட்டத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்ததாம், உடம்பு கிடைக்கவில்லை, செண்பகம் தாலி கட்டாத விதவை மாதிரி மூளியாய் உட்கார்ந்திருக்கிறாள், அழக்கூட ஒரு பிணம் இல்லை. சவுரியம்மாள் அடுப்பிலிருந்தே கேட்டாள். "செம்பகத்தோட அண்ணன் இன்னா ஆனான் மேஸ்திரி?" மேஸ்திரி மெல்லுவதை நிறுத்தவில்லை. "அது அவன் விதிம்மா. சொன்ன பேச்சு கேக்காம கீழ போய்ட்டான். நம்ம தேவசகாயம் வெவரமானவன்." விதி. அந்த வார்த்தையை வெற்றிலைச் சாற்றோடு சேர்த்து முழுங்குகிறான், எழுந்து அவன் மூஞ்சியில் கஞ்சித் தண்ணீரை ஊற்றினால் என்ன, கொதிக்கிறது, நல்ல கொதி…

தேவசகாயம் அடுப்புப் பக்கம் திரும்பினான். அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையும் அருவருப்பாய்த்தான் இருந்தது, அடி வாங்கின நாய் தின்னும் சோற்றுக்கு முன் பார்க்கிற பார்வை, எதற்கு என்னைப் பார்க்கிறாய், வாய் இல்லையா உனக்கு, உன் நெஞ்சு, உன் உயிர், முடியாது என்று சொல்லேன், ஒரு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன் பாதாளத்தில் போய்க் குழாய் பிடுங்கப் போகிறாயா… மறுபடியும் இருமல் பிடித்துக்கொண்டது, உடம்பே உலுக்க, நிற்காத இருமல், சட்டியை எட்டிப் பிடிக்கும் முன் தரையிலேயே விழுந்தது, அவள் மெழுகின தரை. "வருவாரு" என்றாள் சவுரியம்மாள். மேஸ்திரி மெல்லுவதை நிறுத்தினான். "இன்னாம்மா?" "வருவாரு மேஸ்திரி. ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சதும் அனுப்பறேன்." அவன் சிரித்தான், எல்லாப் பல்லும் சிவப்பு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து வெளியே போனான்.

தரையில் சாம்பலைத் தூவித் துடைத்தாள். மூலையில் சாக்கின்மேல் தேவசகாயம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், முகத்தில் ஏதோ வெளிச்சம் மாதிரி, ஊர் வந்து சேர்ந்த நாளிலிருந்து இல்லாத ஒன்று. "நீ வுடமாட்டேன்னு நெனச்சேன் சவுரி" என்றான். "என்னால இன்னும் ஆவும்னு நீ நெனக்கிறியே, அது போதும் எனக்கு." அவள் கை சாம்பலிலேயே நின்றது. அப்படியா நினைத்தேன்? ஆகும் என்றா? வருவார் என்று நாக்கில் வந்த அந்தக் கணத்தில் என்னதான் நினைத்தேன், வேலை என்றா, இல்லை, வேலை நினைவே இல்லை, ஒரு ராத்திரி, இந்தச் சத்தம் இல்லாத ஒரு ராத்திரி, அந்த மூலை காலியாய், கழுவி மெழுகி, காய்ந்து, சுத்தமாய்… மேஸ்திரியைப் பார்த்துச் சீ என்றாயே சவுரி, அவன் கேட்க மட்டும்தானே செய்தான். இப்போதாவது வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஒரே ஒரு வார்த்தை, மேஸ்திரி தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான். வாயைத் திறந்தாள். தேவசகாயம் எதிர்பார்த்துப் பார்த்தான்.

"சோறு ஆறுது" என்றாள். "சாப்புடு."