மலைப் புத்தகத்தில் எழுதிய பெயர்

மஞ்சள் சட்டை போட்ட படகுத்துறை ஆள் மூன்றாவது தடவை கையசைத்தும், படுக்கையும் அடுப்பும் வைத்த அந்தக் கேம்பர் வேன் நகரவில்லை. முன்னால் நின்ற கார்களெல்லாம் படகுக்குள் ஏறிவிட்டன. பின்னால் இருபது வண்டிகள் நின்றன. இந்த ஊரில் அதற்கெல்லாம் யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். பொறுமையாக உட்கார்ந்து உள்ளுக்குள் புழுங்குவார்கள்.

டூரி வேனின் பின்பகுதியில் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் ஹால்வரின் பின்தலை மட்டும் தெரிந்தது. நேற்று மதியத்திலிருந்து அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இனிப் பேசாமல் முடியாது என்று ஆனபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"கூப்பிடுறான் பாரு. வண்டிய எடு."

பதில் இல்லை.

"ஓ, இப்ப உன் முறையா? சரி, இரு."

அவள் இரண்டாவது கோப்பையையும் கழுவினாள். துணி எடுத்து நிதானமாகத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அதற்குள் படகுத்துறை ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினான். உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

தொப்பியைக் கழற்றியதைப் பார்த்த பிறகுதான் டூரி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் ஓடினாள். பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, ஹால்வரைத் தரையில் கிடத்தி, நெஞ்சை அழுத்து அழுத்தென்று அழுத்திப் பார்த்தாள். படகு அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த அந்த ஃபியோர்டின் தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடந்தது.

எல்லாம் ஒரு பெயரால் வந்த வினை.

முந்தின நாள் அவர்கள் ஸ்கார்வன் மலையில் ஏறியிருந்தார்கள். உச்சியில், கற்குவியலுக்குப் பக்கத்தில், ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு புத்தகமும் பென்சிலும். ஏறி வந்தவர்கள் பெயரும் தேதியும் வானம் எப்படி என்பதும் எழுதிவிட்டு இறங்க வேண்டும். மலையில் யாராவது தொலைந்தால், தேடிப் போகிறவர்கள் முதலில் திறப்பது அதைத்தான். அதனால் அதில் தப்பாக எழுதக் கூடாது, எழுதியதை அடிக்கவும் கூடாது. ஹால்வர் இருபது வருடம் மலை மீட்புக் குழுவில் இருந்தவன். இந்த இரண்டையும் அவன் சொல்கிற பயபக்தியோடு ஞாயிற்றுக்கிழமைப் பாதிரியார்கூடப் பிரசங்கம் செய்ய மாட்டார்.

ஆறு வருடமாக ஒவ்வொரு மலையிலும் எழுதியது டூரிதான். ஹால்வரின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்றைக்கு அவள் மூக்குக் கண்ணாடியை வேனிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆகவே அவன் எழுதினான். எழுதியதை அவள் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தேதி தெரியவில்லை, வானம் தெரியவில்லை. சிங்னே என்ற பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"யாரு கூட வந்திருக்கே நீ?"

ஹால்வர் பக்கத்தைப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"கை தானா எழுதிடுச்சு."

"கைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"டூரி..."

"அப்பாடா. என் பேரும் ஞாபகம் இருக்கு."

சிங்னே ஹால்வரின் மனைவி. முப்பத்து நான்கு வருடம் அவனோடு வாழ்ந்து, ஒன்பது வருடம் முன்னால் செத்துப்போனவள். செத்தவளோடு என்ன போட்டி என்று டூரி தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொன்னால் கேட்கிற மனமா அது. சிங்னே பின்னிய கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்தபோது ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தது டூரி. போட்டுக்கொண்டு அவன் "எவ்வளவு நல்லா பின்னியிருக்கா பாரு" என்றான். காபி ஊற்றும் ஃபிளாஸ்க் சிங்னே வாங்கியது. வாஃபிள் அப்பம் சுடும் இரும்பு அச்சுகூட அவளுடையது. அதில் டூரி சுட்டால் மட்டும் ஏனோ ஓரம் கருகும்.

இந்த வேன் ஒன்றுதான் டூரியுடையது. சிங்னேக்குக் கூடாரம்தான் பிடிக்கும், வேனில் போகிறவர்களைக் கண்டால் ஆகாது. அதைத் தெரிந்துகொண்டுதான் டூரி வேன் வாங்கலாம் என்றாள். அதற்குள் சிங்னே கால் வைக்க முடியாது. ஆனால் முன்கண்ணாடி எவ்வளவு பெரிது. ஒவ்வொரு ஃபியோர்டு திருப்பத்திலும் ஹால்வர் வேகத்தைக் குறைத்து, "இங்கதான் நானும் சிங்னேயும்" என்று ஆரம்பிப்பான். டூரி ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

மலையிலிருந்து பேசாமல் இறங்கினார்கள். பேசாமல் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை, காபி கொதிப்பதற்கு முன்னாலேயே, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று அவன் கிளம்பினான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதே மலைப்பாதையில்தான் ஏறிக்கொண்டிருந்தான். போ, போய் அவளை இன்னொரு தடவை பார்த்துட்டு வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ரொட்டியை அறுத்தாள்.

பதினொரு மணிக்குத் திரும்பினான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

"மேல போயிட்டு வந்தேன்" என்றான். என்னத்துக்கு என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்து வாசலிலேயே நின்றான். "டூரி, நான்..." என்று தொடங்கினான்.

அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஹால்வர் போன செய்தி கேட்டு நகரத்திலிருந்து மகள் மாரிட் வந்து சேர்ந்தாள். சிங்னேயின் மகள். நாற்பது வயதில் அம்மாவின் தாடையும் அம்மாவின் நடையும் அப்படியே இருந்தன. சமையல் மேஜையில் உட்கார்ந்து பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய இறப்பு அறிவிப்பை எழுதினாள்.

"உங்க பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன். 'உடன் வாழ்ந்த டூரி'ன்னு. சரியா?"

"சரி."

"அப்புறம்..." மாரிட் பேனாவை உருட்டினாள். "அம்மாவோட கல்லறைக் கல்லு."

"அதுல இடம் இருக்கே" என்றாள் டூரி. "ஒம்பது வருஷமா அதுக்குத்தானே விட்டு வெச்சிருக்கு."

"உங்களுக்கு வருத்தமா இருக்குமோன்னு..."

"கல்லுல எனக்கென்ன வருத்தம்."

வருத்தம் இருந்தது. வருத்தம் என்ன, வயிற்றெரிச்சலே இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஹால்வரோடு போய் அந்தக் கல்லின் பாசியைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். சிங்னே என்ற பெயருக்குக் கீழே, வழவழவென்று, ஒரு பெயர் அளவுக்கு வெறும் இடம். அதை மட்டும் அவள் துணியால் தொட்டதில்லை.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் காபியும் ரொட்டித் துண்டுகளும் மூன்று வகைக் கேக்கும் பரிமாறினார்கள். ஹால்வரோடு மீட்புக் குழுவில் இருந்த கிழவர் எய்வின் எழுந்து நின்று நாலு நல்ல வார்த்தை சொன்னார். முடிக்கும்போது, "இனிமே ஹால்வரும் சிங்னேயும் ஒண்ணா இருப்பாங்க" என்றார். சொன்ன பிறகுதான் எதிரில் டூரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"காபி ஆறிடுச்சு எய்வின்" என்றாள் டூரி. "நான் வேற ஊத்திக் கொண்டு வரேன்."

சமையலறையில் காபி ஊற்றும்போதுதான் முடிவு செய்தாள். கல்லை சிங்னே எடுத்துக்கொள்ளட்டும். முப்பத்து நான்கு வருடத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஹால்வரின் கை கடைசியாக எழுதியது அவளுடைய பெயராக இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

மறுநாள் காலை வேன் சாவியை எடுத்தபோது மாரிட் வாசலில் மலையேறும் பூட்ஸோடு நின்றாள்.

"ஸ்கார்வனுக்குத்தானே? நானும் வரேன். அப்பா கடைசியா ஏறின மலை."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. படகில் ஃபியோர்டைக் கடக்கும்போதும், மலையடிவாரத்தில் வேனை நிறுத்தியபோதும், மாரிட்டை எப்படிக் கீழேயே இருக்க வைப்பது என்றுதான் டூரி யோசித்துக்கொண்டிருந்தாள். எதுவும் தோன்றவில்லை. மாரிட் அம்மாவைப் போலவே வேகமாக ஏறினாள். டூரி மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்கு வந்து சேர்ந்தபோது, தகரப் பெட்டி திறந்திருந்தது. புத்தகம் மாரிட்டின் மடியில் இருந்தது.

"அப்பா இங்க ரெண்டு நாள் வந்தாரா?"

டூரி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாரிட்டின் விரல் பக்கத்தில் ஓடியது.

*செவ்வாய். ஹால்வர், சிங்னே. நல்ல வெயில்.*

அதற்கு நாலு வரி தள்ளி, அதே கோழி கிளறின எழுத்து.

*புதன். நேற்று வந்தது ஹால்வரும் டூரியும். மேலே எழுதிய பெயர் தவறு. இன்று தனியாக வந்தேன். பனிமூட்டம். ஹால்வர்.*

"இதுக்காகவா திரும்ப ஏறினாரு?" என்றாள் மாரிட். "அந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு?"

"புத்தகத்துல தப்பு இருக்கக் கூடாது. தேடி வரவங்க யாரைத் தேடுவாங்க?"

"அதுக்காகவா?"

அதற்காகவா, தனக்காகவா என்று டூரிக்கே தெரியாது. வாசலில் நின்றானே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். சிங்னேயாக இருந்தால் கேட்டிருப்பாள் என்ற நினைப்பு உடனே வந்தது. சிங்னே குழாயைத் திறந்திருக்க மாட்டாள். அதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.

"அம்மா பேர அடிக்கல பாருங்க" என்றாள் மாரிட்.

"அடிக்கக் கூடாது." பக்கத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்களை டூரி எடுத்துவிட்டாள்.

ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு பேரும் காபி குடித்தார்கள். காற்று அதிகமாகிக்கொண்டிருந்தது. இறங்கலாம் என்று எழுந்தபோது மாரிட் புத்தகத்தையும் பென்சிலையும் நீட்டினாள்.

"நீங்க எழுதுங்க. அப்பா சொல்லுவாரு, உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு."

டூரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழங்காலில் புத்தகத்தை வைத்து, காற்றில் பக்கம் படபடக்காமல் இடது கையால் அழுத்திப் பிடித்து, தேதியை எழுதினாள். பெயர்களை எழுதினாள். எழுதி முடித்து, பழக்கப்படி தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

*ஹால்வர், டூரி.*

பென்சில் அந்த வரிக்கு மேலேயே நின்றது. தோளுக்குப் பின்னால் மாரிட்டின் மூச்சுச் சத்தம் கேட்டது. கீழே ஃபியோர்டில் படகு துறையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

மாரிட் பென்சிலை மெதுவாக அவள் விரல்களிலிருந்து வாங்கினாள். அந்த இரண்டு பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்துத் தன் பெயரை எழுதினாள். *காற்று* என்று எழுதினாள். புத்தகத்தை உள்ளே வைத்து, தகர மூடியை அழுத்தி மூடினாள்.