காயாத கோட்டு

ஆவடி வெயிலில் மே மாதம் கம்பளி போர்த்திக்கொண்டு உட்காரும் மனிதரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வாய்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பாஸ்கல்.

விமானப்படையில் ரேடியோ பார்த்தவர். எண்பத்து நாலாம் வருடம் வடக்கே இருந்தோம். ஒரு குளிர்காலக் காலையில், மலைக்கு அந்தப்பக்கம் போகும் சரக்கு விமானத்தில் இவரால் ஏற முடியவில்லை. ஏணியைப் பிடித்தபடியே நடுங்கிக்கொண்டு நின்றாராம். 'ஏரோநியூரோசிஸ்' என்று எழுதித் தரையில் நிறுத்திவிட்டார் டாக்டர். பறப்பதால் வரும் பதற்றமாம். இவருக்குப் பதிலாக, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அந்தோணிராஜை வீட்டிலிருந்து அவசரமாக வரவழைத்து ஏற்றினார்கள். அந்த விமானம் திரும்பவே இல்லை. ஒரு துண்டுத் தகரம்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு இவரை வேலையிலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். இப்போது ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை, வெள்ளானூரில் வீடு. இங்கே ஒரு இளம் டாக்டர், "அது பழைய பேருங்க, இப்ப யாரும் அப்படி எழுதறதில்ல" என்று சிரித்தாராம். பேர் பழசானால் ஆயிற்றா? எங்கள் கூரைக்கு மேலே விமானம் போனால் சாப்பிடுகிற கையோடு வாசலுக்கு ஓடுவார். சத்தம் அடங்கும்வரை அண்ணாந்து நிற்பார். உள்ளே வந்து, "குளிருது மேரி" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். தொட்டுப் பார்த்தால் கை நிஜமாகவே சில்லென்று இருக்கும். அப்போது பயந்துவிடுவேன்.

அந்தோணிராஜின் மனைவி ஞானசௌந்தரியும் ஊர் திரும்பி, இங்கே பக்கத்தில் சேக்காட்டில் இருக்கிறாள். கல்லறைத் திருநாளன்று எல்லாரும் கல்லறைகளைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். உடல் கிடைக்காதவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் ஏற்றலாம். அவள் மட்டும் வரமாட்டாள். "அது செத்தவங்களுக்கு. அவரு எங்கியோ கீறாரு" என்பாள்.

தொண்ணூற்று மூன்று மே மாதம், ஒரு மத்தியானம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அத்தனை வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மலையில் பனி உருகி விமானம் தெரிந்ததாம். ஆள் யாரும் கிடைக்கவில்லையாம். கிடைத்த ஒரு கோட்டுத் துண்டை, தெரிகிறதா என்று கேட்டு அதிகாரிகள் அவளிடம் கொடுத்திருந்தார்கள். மடியிலிருந்து எடுத்து இவர் கையில் வைத்தாள். மார்புப் பட்டையில் பாஸ்கல் என்று இருந்தது.

"உங்க பேருதாண்ணா போட்டுக்கீது. எப்பவோ மறந்து உட்டுட்டு வந்திருப்பீங்க. அவரு கோட்ட அன்னிக்கு நான் தோச்சிப் போட்டேன், காயவே இல்ல. வெறும் சட்டையோட போனாரு. அந்தக் கோட்டு இன்னும் என் பெட்டியில கீது. அப்ப அவரு தப்பிச்சிக்கினு போய்ட்டாருன்னுதானே அர்த்தம்?"

இவர் முகம் வெளிறிப்போனது. எதையோ என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. சொல்லாமல் இருந்தால் அவள் சாகும்வரை காத்திருப்பாள். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். இவர் அந்தத் துணியைத் தடவியபடி சொன்னார்.

"நடுங்கிக்கினே ஓடியாந்தான், ஞானம். என் கோட்டக் கழட்டி நான்தான் அவனுக்குப் போட்டேன். பித்தான்கூட நான்தான் மாட்டினேன். இதுக்குள்ள இருந்தது அவன்தான்மா."

அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டுக் கேட்டாள்.

"அப்ப... அவருக்குக் குளிரலியாண்ணா?"

"குளிரல. உள்ள கம்பளி வச்சது."

"ஈரமா தொங்கிக்கினு கெடந்த கோட்டுதாண்ணா இத்தினி வருசமா என் கண்ணுல" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அவள் வந்தாள். என் புருஷன் பேர் போட்ட துணியை அந்தோணிராஜ் பேர் எழுதிப் புதிதாக நட்ட சிலுவைக்கடியில் புதைத்தோம். மெழுகுவத்தி ஏற்றியதும், பையிலிருந்து அந்தப் பழைய கோட்டை எடுத்து இவர் தோளில் போர்த்தினாள்.

"உங்களுத அவரு எடுத்துக்கினு போய்ட்டாரு. இத நீங்க வச்சிக்கங்க."

இவர் கைகளை நுழைத்து எல்லாப் பித்தானையும் மாட்டிக்கொண்டார்.

இப்போதெல்லாம் இவர் குளிருது என்பதில்லை. விமானம் போனால் எழுந்திருப்பதும் இல்லை. மார்பில் அந்தோணிராஜ் பேரோடு அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான் வாசலுக்கு ஓடி, பாஸ்கல் பேரோடு போனவர் அதில் இருப்பதுபோல, சத்தம் அடங்கும்வரை அண்ணாந்து நிற்கிறேன்.