வயிற்றில் இரண்டு குழாய்

எபியேரேவுக்கு அறுவை முடிந்து எட்டாம் நாள். அடிவயிற்றின் இரு ஓரத்திலிருந்தும் மெல்லிய குழாய்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் கோழிமுட்டை போல ஒரு ரப்பர் குமிழ். அதை அமுக்கி மூடிவிட்டால், வயிற்றுத் தோலுக்கடியில் சேரும் நீரை மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் குவளையில் ஊற்றி, அளவைச் செவிலிக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் எடுப்பார்கள். இடது பக்கம் எழுபதிலேயே நின்றது.

இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்த வயிறு ஒன்பது வருஷமாகியும் உள்ளே போகவில்லை. தேவாலயத்தில் பெண்கள் தொட்டுப் பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்பார்கள். தொங்கும் சதையை வெட்டித் தைத்துவிடலாம் என்று கணவன் டூபராவிடம் ஒருமுறை பேச்செடுத்தாள். "எங்க அக்கா ஆபரேஷன் மேஜையிலதான் போனா. நீயும் போகணுமா?" என்று அவன் எழுந்து போய்விட்டான். அவனுக்குக் கடலில் எண்ணெய்க் குழாய் வேலை. நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. அவன் கிளம்பிய மறுநாள், பிள்ளைகள் விடுதியில் இருக்க, தையல் பயிற்சி என்று பொய் சொல்லிவிட்டு போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து லாகோஸுக்கு வந்தாள். சிநேகிதி என்கோயோவின் மூன்றாம் மாடி வீட்டில் தங்கினாள்.

நிமிர முடியாது, கூன் போட்டுத்தான் நடை. மல்லாந்து, முழங்காலுக்குத் தலையணை வைத்துத்தான் தூக்கம். புரண்டால் குழாய் இழுக்கும். என்கோயோ வேலைக்குப் போகும்போது வாசல் கம்பிக்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். "திருடன் வந்தா உன்னால ஓட முடியுமாடி?" தீப்பிடித்தாலும் ஓட முடியாதே என்று எபியேரே நினைத்துக்கொள்வாள். அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான், அதுவும் என்கோயோவின் கைப்பையில்.

அன்று மதியம் கரண்ட் இல்லை. இடது குமிழ் காலையில் அமுக்கியபடியே காலியாக இருந்தது. குழாயின் வாயில் கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கட்டி. குழாய் நுழையும் இடத்தில் கட்டுத்துணி ஈரமாகி, வயிறு கல்லாய் இறுகியிருந்தது. செவிலி ருகாயத்துக்குப் போன் போட்டாள்.

"காய்ச்சல் இருக்கா மேடம்?"

"இல்ல."

"அப்ப அடைப்புதான். தோல் கிட்ட ஒரு கையால கெட்டியாப் பிடிங்க, அங்க அசையவே கூடாது. மத்த கையில க்ரீம் தடவி, குழாயை நசுக்கி கீழ்வரைக்கும் உருவுங்க. வரலைன்னா உடனே கிளம்பி வாங்க."

"எப்படி வர்றது? பூட்டியிருக்கு."

"முதல்ல உருவுங்க மேடம்."

உருவினாள். விரலில் வலு இல்லை. குழாய் வழுக்கி, உள்ளே சுருக்கென்று இழுத்தது. என்கோயோவுக்குப் போன் போட்டால், அவள் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரமாகும்டி, அழாதே!"

அப்போது கம்பிக்கதவு குலுங்கியது. வெளியே தோளில் பையோடு டூபரா. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் ஏதோ பழுது என்று ஆட்களை முன்கூட்டியே கரையேற்றிவிட்டார்களாம். ஊரில் வீடு பூட்டிக்கிடக்க, அவசரத்துக்கென்று எபியேரே சொல்லிவிட்டு வந்திருந்த இந்த முகவரியைப் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்திருக்கிறாள்.

"யாரு வீடு இது? எவன் உள்ள இருக்கான்?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி வந்தாள். இடுப்பில் ஊக்கால் குத்தியிருந்த இரண்டு குமிழ்களையும் அவன் பார்த்தான். கோபம் முகத்திலிருந்து வடிந்து, பயம் ஏறியது.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"அப்புறம் திட்டுங்க. இது அடைச்சிருக்கு. எனக்குக் கையில பலமில்ல."

"கதவைத் தொற."

"சாவி இல்ல."

அவன் பூட்டைப் பிடித்து ஒரு தடவை ஆட்டினான். பிறகு பையைக் கீழே வைத்தான். அவள் நாற்காலியைக் கம்பியோரம் இழுத்துப்போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து, கிருமிநாசினியை நீட்டினாள். அவன் இரு கைகளையும் தேய்த்துக் கம்பிக்குள் விட்டான். தோலருகே அவள் பிடித்துக்கொண்டாள். அவன் நசுக்கி, மெல்ல, விடாமல் உருவினான். ஒருமுறை. இருமுறை. அவன் மூச்சு அவள் தோளில் பட்டது. நாலாவது உருவலில் கட்டி நழுவிக் குமிழுக்குள் விழுந்தது. பின்னாலேயே இளஞ்சிவப்பு நீர் சரசரவென்று ஓடியது. குமிழைக் காலி செய்து, அமுக்கி மூடினாள். மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

டூபரா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். "செத்திருந்தா? எனக்கு யாரு சொல்லியிருப்பா?"

அவள் அழுதாள். அழுதாலே வயிறு வலித்தது, அதையும் அடக்க வேண்டியிருந்தது.

என்கோயோ வந்து திறந்த பிறகும் இரண்டு நாள் அவன் எபியேரேவிடம் பேசவில்லை. வேளை தவறாமல் வந்து குழாயை உருவிவிட்டு, குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். மூன்றாம் நாள், "மீன் சூப்பில காரம் போதுமா?" என்றான். அவ்வளவுதான்.

பதினாலாம் நாள், இரண்டு பக்கமும் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட, ருகாயத் இரண்டு குழாயையும் எடுத்தாள். டூபரா சன்னல் பக்கம் திரும்பி நின்றான். ஆனால் எபியேரே கை நீட்டியபோது, பார்க்காமலே வந்து பிடித்துக்கொண்டான்.