வெட்டாத குழாய்

தாங்கியில் மாட்டியிருந்த சைக்கிளின் சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. மழை விட்ட காலை வெளிச்சம் கடைக்குள் வந்து, சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து மறுபக்கம் போனது. சைக்கிள் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது அவனுக்கு. எட்டு மாதமாக எதைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

அது அவன் மனைவியின் சைக்கிள். தார் சாலையிலும் ஓடும், சரளைப் பாதையிலும் ஓடும் கிராவல் ரகம். நாற்பத்தைந்து மில்லி டயர், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம் என்று ஒவ்வொன்றையும் அவளே பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். ஹேண்டில்பார் மட்டும் பாக்கி இருந்தபோது காய்ச்சல் வந்தது. ஒன்பதே நாளில் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எண்பது கிலோமீட்டர் சவாரி. அந்தச் சைக்கிளில் தான் போகட்டுமா என்று கொழுந்தியாள் கேட்டாள். சரி என்றான். எட்டு மாதமாக யார் எதைக் கேட்டாலும் சரிதான். ஆனால் அவள் வருவதற்கு அரைமணி முன்னாலேயே தான் மட்டும் கடைக்கு வந்துவிட்டான்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் குழாய் சட்டத்துக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பார் அதில்தான் ஏறும். எந்த உயரத்தில் ஏறுகிறதோ அதற்கு மேலே இருப்பதை அறுத்துவிடுவார்கள். குழாயைச் சுற்றி வெள்ளை டேப். டேப்பின்மேல், தாழ்வாக, ஒரு நீலக்கோடு. மனைவி பேனாவால் போட்டது.

"இந்தக் கோட்டுல வெட்டிடுங்க," என்றான்.

மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றுகிற சக்கரத்தின் பக்கத்தில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். இப்போது காதைச் சொறிந்தார்.

"ஓட்டப்போறது யாரு சார்?"

"அவ தங்கச்சி."

"அப்ப அவங்க வரட்டும்."

"அளவுதான் இருக்கே."

"இது கார்பன் சார். வெட்டினா வெட்டினதுதான். தலைமுடியா, மறுபடி வளர?"

அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அங்கே அறுத்துவிட்டால் ஹேண்டில்பார் அதற்கு மேலே இனி ஏறாது. யார் உட்கார்ந்தாலும் அவளைப்போலவே குனிந்து, முழங்கையை ஒடுக்கித்தான் ஓட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே வண்டியில் போய் அந்த முதுகை அவன் பார்க்கலாம். இதை யாரிடமும் சொல்லவில்லை. மேசையிலிருந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டான்.

"என்ன அத்தான், ரம்பமும் கையுமா நிக்கிறீங்க? யாரு கழுத்துக்கு?"

கொழுந்தியாள். நீச்சல் சொல்லித் தருகிறவள். குளத்தின் அந்தக் கரைவரை கேட்க வேண்டிய குரலை இந்தச் சின்னக் கடையில் எப்படிக் குறைப்பது என்று அவளுக்குத் தெரியாது.

காது சைக்கிளை இறக்கி, கொழுந்தியாளை ஏற்றி உட்காரவைத்தார். அளவெடுக்க அவருக்கென்று ஒரு வழி உண்டு. "கண்ண மூடுங்க. ஒரு பாதைய நினைச்சுக்கிட்டு, என்ன தெரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. கை தானா எங்க போகுதோ போகட்டும். கண்ணு திறந்திருந்தா கை பொய் சொல்லும்."

மனைவியையும் இப்படித்தான் உட்காரவைத்தார். ஆற்றோரம் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் நாணல், எதிர்க்காற்று என்று அவள் சொன்னாள். அவன் கடை மூலையிலிருக்கும் முக்காலியில் உட்கார்ந்து கேட்டான். இப்போது தூக்கம் வந்தால் அந்தப் பாதையில்தான் நடக்கிறான். நாணல் அசைகிறது. முன்னால் அவள் முதுகு.

"ஏரி," என்றாள் கொழுந்தியாள். "தண்ணி இல்ல. மண்ணு வெடிச்சுக் கிடக்கு. பாதைன்னு ஒண்ணுமே இல்ல. எங்க வேணா போலாம்."

அவள் கைகள் பக்கவாட்டில் விரிந்து, காற்றில் நின்றன. காது அளவு நாடாவைப் பிடித்தார். அகலம் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். உயரம் நீலக்கோட்டுக்கு மூன்று விரல் மேலே.

"நாப்பது போதும்," என்றான். "அவளுக்கு நாப்பதுதான்."

"அத்தான், இது நீச்சல்காரி தோளு. நாப்பதுல உக்காந்தா மூச்சு முட்டிரும்."

"பழகிடும்."

கொழுந்தியாள் கண்ணைத் திறந்தாள். "எனக்கா பழகணும், உங்களுக்கா?"

அவள் குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"அக்கா அளவுன்னு எதச் சொல்றீங்க? அவ வாரத்துக்கு ஒண்ணு மாத்துவா."

"ஆமா சார்," என்றார் காது. "கழுத்து வலின்னா ஏத்தும்பாங்க. காத்து அடிச்சா எறக்கும்பாங்க. வாடகை ஹேண்டில்பாரு ஒண்ணு வச்சு மாத்தி மாத்திப் பாத்தாங்க. வெட்டட்டுமான்னு நாலு தடவ கேட்டேன். தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்னாங்க."

அவனுக்குத் தெரியாது. அவள் சவாரி போன ஞாயிறுகளில் அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். நகத்தால் டேப்பைக் கிளப்பினான். அடியில் பென்சில் கோடுகள். சில பாதி அழிந்தவை, சில ஒன்றின்மேல் ஒன்று. ஏழு எண்ணினான். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு கொழுந்தியாளின் அளவைவிடவும் உயரம். அரை மில்லி பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அவனுக்கு. நீலத்தை மட்டும் பார்த்திருக்கிறது.

கண்முன்னே நாணல் பாதை வந்தது. அந்த முதுகு குனிந்தது. கொஞ்சம் எழுந்தது. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சொடக்கெடுத்தது. மறுபடி குனிந்தது. எந்தக் கோட்டில் நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரம்பத்தை மேசையில் வைத்தான்.

"வெட்ட வேணாம். இவ சொல்ற உயரத்துல மாட்டுங்க. மிச்சக் குழாயச் சுத்தி வளையம் போட்டுடுங்க."

"கொக்கு கழுத்தாட்டம் நீட்டிக்கிட்டு நிக்கும் சார். பாக்கிறவன் என் வேலையப் பாத்துத்தான் சிரிப்பான்."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நாற்பத்து நான்கில் ஒரு பார் இருந்தது. கீழே வரவர இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் விரியும். சரளையில் இறங்கும்போது பிடி தப்பாது. காது அதைப் பொருத்தி, வளையங்களை ஒவ்வொன்றாக மேலே அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் முனகினார்.

பார் சக்கரத்துக்கு நேராக நிற்க வேண்டும். அவன் எதிரே போய் முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தான். கொழுந்தியாள் தரையில் காலூன்றி, இரண்டு கையாலும் பாரைப் பிடித்திருந்தாள். அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"நேரா இருக்கா அத்தான்?"

"வலது பக்கம் கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு சார்?"

"அரை மில்லி."

"ஐயோ சாமி," என்றார் காது.

"இப்ப?"

"இன்னும் ஒரு முடி. நில்லுங்க. சரி."

திருகுகள் இறுகும் சத்தம் கேட்டது. முதலில் இடது, அப்புறம் வலது. காது எழுந்து பின்னால் நகர்ந்தார். கொழுந்தியாள் காத்திருந்தாள். அவன் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"அத்தான், நீங்க விட்டாத்தான் நான் போக முடியும்."

முட்டிகளை விலக்கினான். சக்கரம் அவனைத் தாண்டி வாசலுக்கு உருண்டது.