நோட்டுக்குள் அழுத தென்றல்

மாரிசெல்வி நாவல் எழுதுகிறாள் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் ஆறு பெண்கள் வாடகைக்கு இருக்கும் அறையில், காருக்கு வயர் கட்டுவதைத் தவிர வேறு வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை காலை மற்ற நால்வரும் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"செல்லக்கனியக்கா, ஒங்கள வச்சிதான் எழுதிருக்கேன். நெசமாட்டம் இருக்கான்னு பாருங்க."

நோட்டில் என் பெயர் தென்றல். எங்கள் சாத்தான்குளம் பக்கம் எந்தத் தகப்பன் இப்படிப் பெயர் வைத்தான்? போகட்டும் என்று படித்தேன். மற்றதெல்லாம் அச்சு அசல் நான்தான். கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பது, கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை வாங்குவது, சூப்பர்வைசர் நகர்ந்ததும் அவரைப் போலவே நடந்து காட்டுவது. எட்டு மாதமாக என்னை வேவு பார்த்திருக்கிறாள்.

நான்காம் அத்தியாயத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தென்றல் ஞாயிறுதோறும் மாடிக்குப் போய், கைவிட்டுப் போன காதலனை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுகிறாள்.

எவன் அவன் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். மாடியிலிருந்து நான் சிவந்த கண்ணோடு இறங்கியதை இரண்டு தடவை பார்த்தாளாம். அக்கா மகளோடு போனில் பேசத்தான் மாடிக்குப் போகிறேன் என்று அறையில் சொல்லிவைத்திருந்தேன்; அக்கா மகளோடு பேசிவிட்டு யாராவது அழுவார்களா, அதனால் காதல்தான் என்று முடிவுகட்டிவிட்டாளாம். அப்போதுதான் படிக்கிறவர்கள் நம்புவார்களாம்.

புருஷனே வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவளை, எவனுக்கோ ஏங்க வைத்துவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணமாகாத பெண்களைத்தான் வேலைக்கு எடுப்போம் என்று ஏஜென்ட் சொன்னதால், இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அந்த ஆத்திரத்தில் அது எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

"அது அக்கா மவ இல்லட்டி. நான் பெத்த பிள்ள. இங்க எவ காதுலயும் விழுந்துரக் கூடாதுன்னு, என்னய சித்தின்னு கூப்பிட நான்தான் பழக்குனேன். இத எழுது."

அவள் பேனாவைத் தொடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்த தாயி அப்பிடிச் செய்வாளாக்கா? எழுதுனா ஒருத்தரும் நம்ப மாட்டாவ."

நம்ப மாட்டார்களா? அப்போதே அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, மாரிசெல்வியும் பார்க்கும்படி போனைப் பிடித்தேன். திரையில் என் செல்வலட்சுமி வந்தாள். நான்கு வயது. சிரித்துக்கொண்டே சித்தி என்றாள். நான் சித்தி இல்லை, உன் அம்மா, அம்மா என்று கூப்பிடு என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கத்திவிட்டேன். பிள்ளை மிரண்டுபோய், என் அக்கா இருந்த பக்கம் திரும்பினாள்.

"யம்மா, இங்க வா. சித்தி பொய் சொல்லுதா."