அடியில் கிடக்கட்டும்

"நூலை இறுக்கு ஆர்மண்ட். அதை உன் மாமியார் கழுத்துன்னு நெனச்சுக்கோ," என்றாள் இல்டா.

ஆர்மண்ட் இறுக்கினான். நூல் பட்டென்று அறுந்தது. இடுக்கியில் மாட்டியிருந்த தூண்டில் முள்ளிலிருந்து மான்முடி பிரிந்து மேசை முழுக்கச் சிதறியது.

"உங்கம்மா கழுத்து இவ்வளவு சன்னமா இருந்ததில்லையே," என்றான்.

இல்டா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து அவள் தங்கை நத்தாலியா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அவளைச் சிரிக்க வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? வீட்ல ரெண்டு பேருக்கும் வயசாச்சு, ஒருத்தருக்கும் புத்தி வரலை."

"ஆரம்பிச்சது அவ," என்றான் ஆர்மண்ட்.

"அம்மாவைப் பத்திப் பேசறப்ப கூட ஒரு மரியாதை கிடையாது," என்று நத்தாலியா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அடுப்பில் கீரையும் தொத்திறைச்சியும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் குடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் காலையிலிருந்து சமைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, பாவம்.

வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலை முன்னறையில் ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் சதுப்புப் புல்லும், அதற்கப்பால் கடலுக்குப் போகும் ஓடையும் தெரியும். காலையில் வந்த நர்ஸ் இல்டாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆர்மண்டை வாசலுக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னாள்: "இன்னிக்கு, இல்லேன்னா நாளைக்கு. பக்கத்துலயே இருங்க."

பக்கத்திலேயே இருப்பது என்பதை அவன் யாரும் சொல்லாமலே எப்போதோ முடிவு செய்திருந்தான். அவன் அப்பா இறந்தபோது, யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை நிரப்பிக்கொண்டிருந்தான் ஆர்மண்ட். அதுதான் அவன் தொழில். எண்ணெய் நாறும் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். இல்டா விஷயத்தில் அப்படி நடக்க விடமாட்டான். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தூங்கக்கூட இல்லை.

இல்டாவுக்கோ கவலையே வேறு. மே மாதம் பிறந்தாயிற்று. தெற்கிலிருந்து கரையோரமாகவே நீந்திவரும் ஸ்ட்ரைப்பர் மீன்கள், உடம்பெல்லாம் கறுப்புக் கோடு போட்ட அந்தப் பெரிய மீன்கள், ஓடைக்குள் நுழைகிற காலம். வருஷா வருஷம் முதல் மீனைப் பிடிப்பது பெரும்பாலும் இல்டாதான். மற்ற ஆண்கள் தூண்டில் முள்ளில் முடியும் தோலும் சுற்றி, பளபளவென்று நீளமான பொய்மீன்களைக் கட்டி மேல்தண்ணீரில் ஓடவிடுவார்கள். இல்டாவின் பொய்மீன் உளுவை மீன் மாதிரி தலை பெருத்து, சேற்று நிறத்தில், அடித்தரையில் வேலை வெட்டியில்லாமல் கிடக்கும். "பெரிய மீன் சோம்பேறி. மேல துள்ளறதை வெரட்டிட்டுப் போகாது. கீழ கெடக்கறதைப் பொறுக்கித் தின்னுட்டுப் போயிடும்," என்பாள். அவள் பிடிக்கும்போது ஓடைக்கரை ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பாராட்டுவார்கள். ஆர்மண்ட் இடுப்பளவுத் தண்ணீரில் கூட இறங்கியதில்லை. அவள் வரும்வரை சூப்பைச் சூடாக வைத்திருப்பது அவன் வேலை.

முந்தாநாள் ஒரு பொய் சொல்லிப் பார்த்தான்.

"மீன் வந்தாச்சா?" என்று அவள் கேட்டாள்.

"வந்தாச்சாம். கிப் நேத்து ஒண்ணு பிடிச்சானாம்."

"எங்க நின்னு?"

"பாலத்துக்குக் கெழக்கால."

"போன புயல்லயே கெழக்குப் பக்கம் மண்ணு மூடிடுச்சு. அங்க வாத்து கூட நடந்துதான் போகுது. பொய் சொல்ல வராதவனுக்கு எதுக்கு அந்த வேலை?"

அசடு வழிந்தான். அதிலிருந்து அவள் யார் சொன்னாலும் நம்புவதாயில்லை. அவளோடு வருஷக்கணக்காக ஓடையில் மீன் பிடிக்கும் கிப்பே ஃபோனில் "இன்னும் வரலை இல்டா" என்று சொன்னதைக்கூட, அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஆர்மண்டே போக வேண்டும், அவள் சொல்லிக்கொடுக்கிறபடி கட்டிய பொய்மீனை எறிய வேண்டும். அப்போதுதான் ஒத்துக்கொள்வாள்.

இரண்டாவது முயற்சியில் ஏதோ ஒன்று உருவாயிற்று. முயல் தோலில் ஒரு வால், ஈயத்தில் இரண்டு கண், மான்முடியைக் குவித்துக் கத்தரித்த தலை. சாக்கடையில் விழுந்து செத்த சுண்டெலி போலிருந்தது. இல்டா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்கு."

"தெரியும்."

"அந்த மீனும் அசிங்கம்தான். ரொம்ப நல்லா வந்திருக்கு." ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். "ஓடைத் தண்ணி கடலுக்கு வடிய ஆரம்பிச்சிருக்கும். கெளம்பு."

"நான் எங்கயும் போகலை."

"பின்ன எதுக்கு இதைக் கட்டினே?"

"நீ சும்மா இருக்கணுமேன்னுதான்."

இல்டா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "நீ என் நெஞ்சையே பாத்துட்டு உக்காந்திருக்கே ஆர்மண்ட். ஒவ்வொரு மூச்சும் எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. கூச்சமா இருக்கு."

"நான் இல்லாதப்ப ஏதாவது ஆயிட்டா?"

"மீன் வந்தாச்சா இல்லையான்னு தெரியாம நான் போகமாட்டேன்."

"அப்ப நான் போகவேமாட்டேன். நீயும் போகாதே."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு நத்தாலியா அவனுடைய ரப்பர் பூட்சைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"போயிட்டு வா. மூச்சு மாறினா உடனே கூப்பிடறேன்."

"சத்தியமா?"

"அந்தோணியார் மேல சத்தியமா."

அவன் எழுந்தான். இல்டா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எறி. அடிக்குப் போகட்டும். ஒரு சாண் இழு. அப்புறம் விட்டுடு. சும்மா கெடக்கணும் அது. உன்னால சும்மா இருக்க முடியாது, அதான் கஷ்டம்."

ஓடை வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரம்தான். தண்ணீர் கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு மேற்கே பாறையில் கிப் நின்றிருந்தான். இல்டாவின் தூண்டில் கம்போடு ஆர்மண்ட் வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"ஐயோ. எப்ப?"

"இல்லை இல்லை. அனுப்பிவெச்சிருக்கா."

கிப் பெருமூச்சு விட்டான். பிறகு சிரித்தான். "நான் சொன்னதை நம்பலையா?"

"உனக்குப் பிடிக்கத் தெரியாதாம்."

"இப்பக்கூடத் திமிரைப் பாரு," என்றான் கிப். ஒதுங்கித் தன் இடத்தைக் கொடுத்தான்.

முதல் வீச்சு புல்லில் சிக்கியது. அடுத்தது ஆர்மண்டின் தொப்பியில். அப்புறம் எப்படியோ தண்ணீரில் விழுந்தது. அது அடியைத் தொடுவதற்குள் இழுத்துவிட்டான். மறுபடி எறிந்தான், மறுபடி இழுத்தான். சீக்கிரம் ஒன்று மாட்டினால் வீட்டுக்கு ஓடலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சட்டைப்பையிலிருந்த ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"துணி துவைக்கற மாதிரி இழுக்கறே," என்றான் கிப். "விடுப்பா கொஞ்சம்."

"விடுன்னு சொல்ல எல்லாருக்கும் வாயிருக்கு!" என்று ஆர்மண்ட் கத்தினான். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நல்ல மனுஷன் கிப், மறுபக்கம் திரும்பிக்கொண்டான். கயிறு தொய்ந்து கிடந்தது. பொய்மீன் எங்கேயோ அடியில், சேற்றில் கிடந்தது. அதை அவன் மறந்தே போனான்.

கம்பு அக்குளிலிருந்து வெடுக்கென்று கிளம்பியது.

"பிடி!" என்று கிப் அலறினான். "கம்பைப் பிடி!"

பிடித்தான். எதிர்முனையில் ஒரு மாட்டுக்கன்று கட்டியிருப்பது போலிருந்தது. அது கடலைப் பார்த்து ஓடியது, அவனும் ஓடினான். விழுந்தான், மார்புவரை நனைந்தான், எழுந்தான். கடைசியில் மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து வந்தபோது, கிப் கத்திச் சொன்னபடியே ஆர்மண்ட் அதன் கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலைக் கொடுத்துப் பிடித்தான். அதன் வாய்க்குள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. விரல் தோல் உரிந்து எரிந்தது.

"வால்கிட்டப் பாரு! கடல் பேன் இருக்கா?"

அரிசி அளவில் பழுப்பாக நாலைந்து ஒட்டியிருந்தன. "இருக்கு!"

"ஆத்துத் தண்ணியில அந்தப் பேன் தங்காது. அப்ப இது குளிருக்கு ஆத்துல ஒதுங்கின மீன் இல்லை. கடல்லேர்ந்து இன்னிக்குத்தான் வந்திருக்கு. வந்தாச்சு ஆர்மண்ட்! வீட்டுக்கு ஓடு!"

நத்தாலியா வாசலில் நின்றிருந்தாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே, "இருக்கா," என்றாள். "ஆனா பேச்சு கொறஞ்சிடுச்சு. சீக்கிரம் போ."

சேறும் தண்ணீருமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். இல்டாவின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது.

"வந்தாச்சு இல்டா."

அவள் கை போர்வைமேல் ஊர்ந்து வந்து அவன் கையைத் தேடியது. உள்ளங்கையைத் தாண்டி, கட்டைவிரலைப் பிடித்து, உரிந்த இடத்தை மெல்லத் தடவியது. பொய் சொல்ல வராதவனின் விரல். அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"பேன்?"

"இருந்துச்சு. வாலுகிட்ட."

"ம்." ஒரு மூச்சு. "மொதல்லேர்ந்து சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். புல்லில் மாட்டியதைச் சொன்னான், தொப்பியில் மாட்டியதைச் சொன்னான். "துணி துவைக்கற மாதிரி இழுக்கறேன்னு கிப் சொல்றான். அவனுக்கு ரொம்பத் தெரிஞ்ச மாதிரி." அழுததை மட்டும் விட்டுவிட்டான். "நீ சொன்ன மாதிரியே விட்டுட்டேன். சும்மா கெடந்துச்சு. அப்ப எடுத்துச்சு பாரு! அடேயப்பா, கையே போயிருக்கும். நேரா கடலுக்கு ஓடறான் பய. நான் விடுவேனா? இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் போறான்..." ஜன்னல் வழியே ஓடையைப் பார்த்துக்கொண்டு, மீன் ஓடிய திசையையெல்லாம் விரலால் காட்டினான். இத்தனை வருஷம் அவள் சொல்லி அவன் கேட்டது போக, அவனுக்கென்று சொல்ல ஒரு கதை கிடைத்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. "தண்ணிக்கு மேல வந்தப்பத்தான் பாத்தேன். இவ்வளவு நீளம் இல்டா. பொய்யில்லை. இவ்வளவு," என்று இரண்டு கைகளையும் விரித்தபடி திரும்பினான்.

அறை மிகவும் அமைதியாக இருந்தது. வாசற்படியில் நத்தாலியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அவன் போர்வையைப் பார்த்தான். அது அசையவில்லை. இத்தனை நாளும் கண்ணை எடுக்காமல் பார்த்தவன், அந்த ஒரு நேரத்தில் பார்க்கவில்லை. "நத்தாலியா," என்றான் மெதுவாக. "நான் இங்கதான் இருந்தேன்."

"இருந்தே. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். சிரிச்ச மொகமா கேட்டுட்டே இருந்தா. உன்னை நிறுத்த மனசு வரலை."

நத்தாலியா கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"மீதியையும் சொல்லு ஆர்மண்ட். மீனை என்ன பண்ணினே?"

"விட்டுட்டேன்."

"எப்படி?"

"இப்படிப் பிடிச்சுக்கிட்டேன். தண்ணி வர்ற பக்கமாத் தலையை வெச்சு. கொஞ்ச நேரம் கையிலயே இருந்துச்சு."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. விரித்த கைகளை மடக்கவும் இல்லை. சட்டைக் கையிலிருந்து ஓடைத் தண்ணீர் போர்வைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.